பென்சில் புள்ளி

பென்சில் புள்ளிதானே, அழித்துவிடலாம் என்று பங்களாவிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயா பூரணி நினைத்தாள். கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி அழிக்கவில்லை. ஆட்களின் வரவைக் குறிக்கும் செக்ரோல் புத்தகத்தையே வெறித்துக்கொண்டு நின்றார்.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணியின் மகன் யுத்தத்தில் குண்டு போடும் விமானம் ஓட்டியவன். இருபத்திரண்டு வயதில் ஜெர்மனிக்கு மேலே எரிந்து விழுந்தான். எட்டு வருடமாக, அவன் செத்த நாளன்று, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டில் ஆட்களின் பெயர்களை வாசித்து முடித்ததும் அவன் பெயரையும் வாசிக்க வேண்டும் என்பது துரைசாணியின் உத்தரவு. எல்லோரும் தலைகுனிந்து நின்றுவிட்டுக் கலைவார்கள். இந்த வருடம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வீரய்யா குறும்பாக, "வந்தேங்க. எனக்கு எந்த மலையில வேலைங்க?" என்றான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கணேசமூர்த்தியின் பழகிய கை செத்தவன் பெயருக்கு நேரே புள்ளியைப் போட்டுவிட்டது.

தோட்டத்தில் புள்ளி விழுந்தால் பேர் விழுந்ததாக அர்த்தம். பேர் விழுந்தவன் அன்றைய வேலையைச் செய்தே ஆக வேண்டும். துரைசாணியின் மகனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.

பத்து மணிக்கு, பங்களாவின் சமையலறையில் வெள்ளித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பூரணி, ஹட்டன் லாரி மேடு ஏறுகிறது என்று முதலில் நினைத்த இரைச்சல், பாதையை விட்டு மேலே ஏறி, கூரைத் தகரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக நடுங்க வைத்து, ஏழாம் மலைப் பக்கம் தாழ்ந்து போவதைக் கேட்டாள். பிறகு ஒரு விசில். பிறகு நிலம் அதிரும் அடி. தட்டு கையிலிருந்து நழுவியது.

ஏழாம் மலையிலிருந்து வீரய்யாவின் பிணத்தைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள். தோல் கம்பளியோடு ஒட்டி உரிந்தது. திறந்த வாயில் நாக்கு இருந்த இடத்தில் கரி. அவனைச் சுற்றி ஒரு கொழுந்துகூடக் கருகவில்லை என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

நாலு மணிக்குப் பின்கதவில் தட்டும் சத்தம். பெட்ரோல் வாடை. பொசுங்கிய மயிரின் வாடை.

"ஆயா, வேல முடிஞ்சிருச்சு."

தொழிலாளர் லயத்துத் தமிழ். துரைசாணியின் மகன் அவள் மடியில் கிடந்து கற்ற தமிழ். தன் பிள்ளையைக் குழியில் வைத்த மாதத்தில் அவள் பால் கொடுத்து வளர்த்தது அவனைத்தான். மார்பு வலித்தது. பாவி மார்பு, அதற்கு எதுவும் தெரியாது.

துரைசாணி ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

அவன் நின்றான். தோல் தொப்பி தலையோடு உருகியிருந்தது. வாசற்படியைத் தாண்டவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான், ஆயா கூப்பிட்டால்தான் உள்ளே வருவான்.

அவனுக்குப் பின்னால் பனியில் ஒரு வரிசை. பெரட்டு வரிசை. அவன் குண்டில் எரிந்த ஜெர்மன் பெண்கள். இடுப்பில் எரிந்த பிள்ளைகள். அடிவாரம் வரை. வரிசையின் கடைசியில், வாய் திறந்தபடி, வீரய்யா.

"இவங்களுக்கும் பேர் போடணுமாம், ஆயா. கூப்பிடு."

துரைசாணி மகனை மட்டுமே பார்த்தாள். பூரணியின் கையைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. உடைந்த தமிழில் கெஞ்சினாள்.

"கூப்பிடு, ஆயா. உன் சத்தம் கேட்டா உள்ளே வரும். என் மகன்."

உள்ள வா, ராசா. மூன்று சொல். தொண்டை வரை வந்துவிட்டது.

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. கூப்பிட்டால் அவன் மட்டும் வர மாட்டான்.

பூரணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மாட்டேங்க" என்றாள்.