சுடாத உடம்பு

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மாரித்தாய் வீட்டுத் தொழுவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அச்சங்குளத்தில் தூறல் விழுந்து, பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நாள். பிறந்து சில நாளே ஆன கன்றின் தொப்புள் புண்ணுக்குள் எறும்புகள் வரிசையாக நுழைந்துகொண்டிருக்க, அது வாலைக்கூட ஆட்டாமல் எங்கோ பார்த்தபடி நிற்பதை மாரித்தாய் கண்டாள். கைவைத்துப் பார்த்தால் வீக்கம் இல்லை, சீழ் இல்லை, சூடும் இல்லை. நனைந்த சாக்கைத் தொட்டதுபோல் இருந்தது.

கால்நடை ஆய்வாளர் ஞானஜோதி வந்து கன்றின் காதைத் தொட்டாள்.

"சீம்பால் எப்ப குடிச்சுச்சு, அக்கா?"

"நஞ்சுக்கொடி விழாம எப்படி மேடம் ஊட்டவிடுறது? அது மறுநா சாயங்காலந்தான் விழுந்துச்சு. பெறகு அவிச்சுத் தெருவுக்கெல்லாம் கொடுத்துட்டு, மிச்சத்தைக் கன்னுக்கு விட்டேன்."

"தெருவே தின்னுச்சு, கன்னுக்குட்டி பட்டினி. நல்ல கூத்து." ஞானஜோதி ஊசி போட்டாள். "தாய் உடம்பு சண்டை போட்டு ஜெயிச்ச நோய்க்கெல்லாம் காவலு அந்தப் பால்லதான் இருக்கு. பிறந்த கையோட குடிச்சாத்தான் ரத்தத்துல சேரும். மறுநா குடிச்சா வெறும் சாப்பாடு. உடம்பு சுட்டா, உள்ள சண்டை நடக்குதுன்னு அர்த்தம். இந்த உடம்புக்கு யாரு உள்ள வந்திருக்கான்னே தெரியல."

"எப்படியாச்சும் காப்பாத்துங்க மேடம். எம்புள்ள அதைக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கா."

"புள்ளைய அண்டவிடாதீக."

மகள் கற்பகவல்லிக்கு, கன்றின் கயிறு இழுத்து விழுந்ததில் முழங்கால் உரிந்திருந்தது. காந்தலும் இல்லை, வீக்கமும் இல்லை என்று மாரித்தாய் நேற்றுவரை சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மகளை வீட்டுக்குள் இருத்திவிட்டு, கன்றின் புண்ணில் மஞ்சளை அப்பினாள். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி, அதன் வயிற்றிலும் கழுத்திலும் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்தாள். சுடு, தாயி, கொஞ்சம் சுடு என்று கெஞ்சினாள்.

அந்தி சாய்ந்து மின்சாரம் போனது. தவிடு வறுக்க மறுபடி அடுப்படிக்குப் போனவளுக்கு, தொழுவத்தில் கயிறு முறுகும் சத்தம் கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். தாய்ப்பசு கயிறு எட்டுமட்டும் விலகி, சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கன்று விழுந்து கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு கற்பகவல்லி.

"ஏட்டி, எந்திரி. இங்கன வா."

மகள் எழுந்தாள். பசுவிடம் போய்க் கையை நீட்டினாள். தினமும் அந்த உள்ளங்கையை நக்கும் பசு. முகர்ந்தது. சீறியது. சுவரில் இன்னும் ஒடுங்கியது.

எறும்பு வரிசை. கன்றிலிருந்து மண்ணுக்கு. மண்ணிலிருந்து பிள்ளையின் முழங்காலுக்கு. உள்ளே.

"கடிக்கலையாடி?"

"என்னதும்மா?"

மாரித்தாய் மகளின் நெற்றியைத் தொட்டாள். நனைந்த சாக்கு.

"தூக்கும்மா."

தூக்கத்தான் குனிந்தாள். மூக்கில் ஏதோ வாடை பட்டது. அவள் நினைத்துச் செய்யவில்லை. கால்கள் தாமாகப் பின்னால் போயின. ஓர் அடி. இன்னோர் அடி. முதுகில் பசுவின் நடுங்கும் விலா இடித்தது.

பிள்ளை இரு கைகளையும் நீட்டியபடியே வந்துகொண்டிருந்தது.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் புண் பட்டால் வீங்கி, வலித்து, ஆறட்டும். காய்ச்சல் வந்தால் நன்றாகச் சுட்டு இறங்கட்டும். உங்களைப் பெற்றவளின் கால்கள் என்றைக்கும் உங்களை நோக்கியே வரட்டும்.