ரத்தத்தில் எழுபத்து நாலு!

டிரிங்ங்... டிரிங்ங்...!

ஆம்பூர் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி ரிசீவரை எடுத்தார். கேட்டார். வைக்கவில்லை... அறைந்தார்!

"மூணாவது ரிப்போர்ட்டும் அதேதான்யா! விஷம் இல்லையாம்!"

ஏட்டு மாசிலாமணி தலையைச் சொறிந்தார்.

ஒன்பது நாட்களாக இதே பேஜார். போன ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்த எலியாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஷூ கம்பெனி சூப்பர்வைசர். வயது முப்பத்தாறு. பெரியாஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம்தான் உயிர் தங்கியது.

அவன் அண்ணன் வில்சன், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி, அங்கேயே கத்தினான். 'என் தம்பிக்கு அவன் பொண்டாட்டி ஜெஸி விஷம் வெச்சுட்டா!'

போஸ்ட்மார்ட்டத்தில் கிடைத்ததோ இதயக் குழாயில் ஒரு ரத்தக்கட்டி. அவ்வளவுதான்!

"சாயந்தரம் அஞ்சுக்குள்ள அந்தப் பொண்ணை ரிமாண்டு பண்ணுங்கறாரு எஸ்.பி. எதை வெச்சுய்யா பண்றது?"

பெஞ்சில் இருந்த ஜெஸி நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல சார்... தினம் மூணு மாத்திரை குடுப்பேன். அது மட்டும்தான்."

"இன்னா மாத்திரை?"

"வைட்டமின் சார். வேலூர்ல டாக்டரம்மா எழுதிக் குடுத்தது."

"இதை ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

"நீங்க விஷத்தைப் பத்தி மட்டும்தானே சார் கேட்டீங்க!"

ரத்தினசாமிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. விஷ டெஸ்ட் செய்த வேலூர் ஆஸ்பத்திரி லேபுக்கே டயல் செய்தார். டாக்டர் ரஃபத் ஜஹான் லைனில் வந்தாள்.

"எலியாஸ் என் பேஷண்ட்தான் சார். மாத்திரை நான் எழுதினதுதான். ரத்தத்துல ஹோமோசிஸ்டீன் ஜாஸ்தி."

"தமிழ்ல சொல்லுங்கம்மா!"

"சாப்பாட்டுப் புரதத்துலேர்ந்து உடம்பு தானா உண்டாக்கறது. ஃபோலிக் ஆசிட், பி-டுவெல்வ் எல்லாம் அதைக் கரைச்சுரும். கரையலேன்னா ரத்தக் குழாய் கெடும், ரத்தம் கட்டும்."

"எப்படிக் கெடும்?"

"எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு உடம்பு டி.என்.ஏ.மேல மெத்தில்னு ஒரு சீல் வைக்கும். ஹோமோசிஸ்டீன் ஏறினா அந்த சீல் வைக்கற வேலை தடுமாறும். மூடி வெச்ச ஜீனெல்லாம் திறந்துக்கும். குழாய்ச் சுவர் தடிக்கும். இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"அப்ப இயற்கைச் சாவா? ஒன்பது நாளும் வீணா?"

"அவசரப்படாதீங்க! ஜனவரியில அவருக்கு ஹோமோசிஸ்டீன் அளவு முப்பத்தாறு. மாத்திரை ஆரம்பிச்சு ஏப்ரல்ல பன்னெண்டு. அதாவது நார்மல். ஆனா அன்னிக்கு உங்க ஏட்டு விஷ டெஸ்டுக்குக் கொண்டாந்தாரே... அதே ரத்தத்துல பார்த்தேன். எழுபத்து நாலு! மாத்திரை சாப்பிடறவருக்கு இப்படி ஏறவே ஏறாது சார்."

ரத்தினசாமி ஜெஸியிடம் திரும்பினார்.

"மாத்திரை யாரும்மா வாங்கிட்டு வருவாங்க?"

"வில்சன் மாமாதான் சார்... மாசா மாசம் பேப்பர் கவர்ல போட்டு..."

"ஏட்டு! வேலூருக்கு பஸ் ஏறு! அந்த எழுபத்து நாலை எழுத்துல வாங்கிட்டு வா!"

தம்பி மனைவி ஜெயிலுக்குப் போவதைப் பார்க்க வில்சன் வாசலிலேயே காத்திருந்தான். உள்ளே கூப்பிட்டதும் தெம்பாகத்தான் வந்தான்.

"உன் தம்பி ரத்தம் பேசிடுச்சு வில்சன். எழுபத்து நாலு!"

"இன்னா சார்... புரியல..."

"நீ குடுத்தது மருந்தே இல்லன்னு ரத்தம் சொல்லுது!"

வில்சன் ஒரு மணி நேரம் மழுப்பினான். பிறகு உடைந்தான்.

"டேனரிக் கழிவுத் தண்ணியை நான் பாலாத்துல விடறேன்னு கோர்ட்ல சாட்சி சொல்லப் போறேன்னு நின்னான் சார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்... கேக்கல. கேஸ் முடியற வரைக்கும் படுக்கையில கிடந்தா போதும்னுதான்... கால்சியம் மாத்திரையை மாத்தி வெச்சேன். சாவான்னு நெனைக்கல!"

"நீ புகாரே குடுக்கலைன்னா எவனும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டானேய்யா!"

"டாக்டரம்மா மாத்திரையைப் பத்தி கேப்பாங்கன்னு பயம் சார். அதான் முந்திக்கினு ஜெஸி மேல போட்டேன்..."

ஜெஸி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"என் கையாலயே குடுக்க வெச்சிட்டீங்களே மாமா!"

வில்சனின் டேனரி மேஜை டிராயரில் நாலு மாதத்து அசல் மாத்திரைகளும் கவரோடு அகப்பட்டன. ஜெஸியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரத்தினசாமி டீக்குச் சொன்னபோது மணி நாலே முக்கால்.

டிரிங்ங்...!

"சார்!" டாக்டர் ரஃபத் ஜஹானின் குரல் பதறியது. "அந்த எழுபத்து நாலு செல்லாது சார்!"

"இன்னாது?!"

"ரத்தம் எடுத்த உடனே ஐஸ்ல வைக்கணும். இல்லேன்னா ரத்த அணுக்கள்லேர்ந்து ஹோமோசிஸ்டீன் கசிஞ்சு நம்பர் தானா ஏறும். ரிப்போர்ட் சீக்கிரம் கிடைக்கணும்னு உங்க ஏட்டு இப்பவும் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தோட வந்து நிக்கறார். போன தடவை எப்படிக் கொண்டாந்தீங்கன்னு கேட்டேன். அப்பவும் பிரியாணிதானாம், ரத்த ட்யூபையும் அதே பையிலதான் வெச்சாராம். சுடச்சுட பிரியாணி, ஒன்றரை மணி நேர பஸ்! அந்த நம்பரை நம்பி யாரையும் அரெஸ்ட் பண்ணிடாதீங்க சார்!"

ரத்தினசாமி லாக்கப்பைப் பார்த்தார். அந்த நம்பரை நம்பி ஒருவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர்... ஏட்டைத் திட்டாதீங்க. அந்தப் பிரியாணியைச் சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க. என் சர்வீஸ்ல ஒரு லஞ்சம் கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்தது இதான் முதல் தடவை!"