கடைசிக் கூட்டத்துக்குச் சொல்லாத பெயர்

அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. மதியம் சாப்பிட்ட கையோடு ஆரின் டட்டில் தன் மனைவி மார்லிஸையும் ஆறு வயது மகள் டெஸ்ஸையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான்.

ஆண்டுக்கொரு நாள் ஊர் வரலாற்றுச் சங்கத்தார் அந்தக் காலத்து உடைகளை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கல்லறை அருகே நின்று, அதில் கிடப்பவரின் கதையைத் தங்கள் கதைபோலவே சொல்வார்கள். ஆரினுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. டோனட் கிடைக்கும் என்று வருவான்.

இந்த முறை மார்லிஸுக்கு ஹெஸ்டர் ப்ரூவிட் வேடம். 1911இல், சூறாவளி வருகிறது என்று பயந்து மூன்று பிள்ளைகளையும் நிலவறையில் இறக்கி, காற்று கதவைப் பிய்த்துவிடாதபடி வெளியே தாழிட்டு, மாட்டை அவிழ்க்க ஓடியவள். வந்தது காற்றல்ல, ஆறு. அவள் திரும்பியபோது கதவுக்கு மேல் தண்ணீர் நின்றது.

கதையை முடித்ததும் வேடம் போட்டவர் தன் சொந்தப் பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும். சங்கத்தில் அது கண்டிப்பு. ஏன் என்று கேட்டால் தலைவி எல்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

சுற்றிப் பார்க்க வந்த ஐந்து கூட்டத்துக்கு மார்லிஸ் கதையும் சொன்னாள், பெயரும் சொன்னாள். ஆறாவது, கடைசிக் கூட்டத்துக்குக் கதையை முடித்து, பெயரைச் சொல்லுமுன் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். அவளும் ஓடிவந்து வண்டியில் ஏறினாள்.

வழியெல்லாம் அவள் கண்ணாடி வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடித்த களைப்பு என்று ஆரின் நினைத்துக்கொண்டான், பாவம்.

வீட்டு வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். நிலவறைக் கதவு தாழிட்டிருந்தது. மார்லிஸ் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"டெஸ் எங்க?"

"பத்திரமா இருக்கா. நீங்க யாருங்க?"

கீழிருந்து மெல்லிய குரல். "அப்பா, தண்ணி."

அவளைத் தள்ளிவிட்டுத் தாழைத் திறந்தான். நிலவறைத் தரை காய்ந்து கிடந்தது.

டெஸ்ஸின் கவுன் மார்புவரை நனைந்திருந்தது.

ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வழியே கல்லறைக்கு ஓட்டினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. விட்ட இடத்திலேயே பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான்.

தோட்டத்தில் ஒருவருமில்லை. ஹெஸ்டரின் கல்லுக்கு முன் அவளை நிறுத்தினான்.

"உன் பேரச் சொல்லும்மா. ஒரே ஒரு தடவ."

அவள் வாய் திறந்தது. கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லு, மார்லிஸ்."

சொன்னாள். மார்லிஸின் குரல்தான், பதினேழு வருடம் அவன் கேட்டுப் பழகிய குரல். ஆனால் எதிரே நின்றவளின் உதடு அசையவில்லை.

காலுக்கடியிலிருந்து, ஈர மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"நான் மார்லிஸ் டட்டில். கேட்டதுக்கு நன்றி."

மறுபடியும்.

"நான் மார்லிஸ் டட்டில். கேட்டதுக்கு நன்றி."

ஆரின் டெஸ்ஸை இறக்கிவிட்டு, மண்டியிட்டு வெறுங்கையால் மண்ணைப் பிறாண்டினான். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பக்கத்தில் நின்றவள் அந்தக் காலத்துத் தொப்பியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். பிறகு டெஸ்ஸின் கையைப் பிடித்தாள்.

"மழை வலுக்குதுங்க. பிள்ளைய நிலவறையில விடணும்."