காஜா பேராங் பெரட்டு

டாங்... டாங்... டாங்!

இரும்பும் இரும்பும் மோதும் அந்தச் சத்தம் முற்றத்திலிருந்து வந்தது. மண்டியிட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்த கமலவேணியின் கையிலிருந்து பிரஷ் நழுவியது.

பெரட்டு மணி. விடிகாலையில் துப்புரவுத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்காக அடிப்பது. இப்போதோ பொழுது சாயும் நேரம்.

"இந்நேரத்துல யாரு அக்கா மணியடிக்கிறது? மெர்டேக்கா அதுக்குள்ள வந்துருச்சா?" என்று சிரித்தாள் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த விஜயா. வேலைக்குப் புதியவள்.

கமலவேணி எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். முற்றத்து மரக்கிளையில் வெறும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. அதில் தொங்கிய தண்டவாளத் துண்டை ஜப்பான்காரன் போன கையோடு கழற்றி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே விசில்தான்.

கூடத்தின் நடுவில் புதுக் கோட்டு போட்டு நின்ற, துப்புரவு ஆட்களின் மேலாளான சேதுபதி மண்டோரின் நெற்றி வியர்த்திருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. ஆனாலும் கேட்காதவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நாளை மறுநாள் மெர்டேக்கா. நாடு சுதந்திரம் பெறும் கையோடு, புதுப்பித்த இந்தக் கட்டடத்தையும் திறக்கப்போகிறார்கள். விழாவில் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் பெருமை மூத்த ஊழியரான அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்குத்தான் இந்த ஒத்திகை.

"டச்சுக்காரர் காலத்தில் நம் காஜா பேராங்கில் இந்தக் கட்டடம் மிளகுக் கிட்டங்கி. வெள்ளைக்காரர் வந்து துப்புரவு அலுவலகம் ஆக்கினார்கள். ஜப்பான்காரர் காலத்தில் கட்டடம் சும்மா கிடந்தது. அதன் பின்..."

"சும்மாவா கெடந்துச்சு?"

மண்டோர் திரும்பினார். ஈரக் கையோடு கமலவேணி நின்றிருந்தாள்.

"நீ தரையத் தேய் லா. பேச்ச நான் பாத்துக்கறேன்."

"அரிசி குடுக்குறாங்கன்னு நேரங்கெட்ட நேரத்துல மணியடிச்சது யாரு? எம் புருசன் காய்ச்சலோட பைய எடுத்துக்கிட்டு ஓடியாந்தாரு. திரும்பி வரல. அவரு மட்டுமா? பொன்னுதுரை, சேதுராமன், கருணாகரன், யாரும் வரல. அதெல்லாம் ஒங்க வரலாறுல கெடையாதா?"

"ஓடிப்போனவன் கதையெல்லாம் விழாவுல பேச முடியுமா?"

ஓடிப்போனவன். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஊர் அவளை இத்தனை வருஷமாக மென்று துப்பியது. பொங்கலுக்குக் கோலம் போட்டால் முணுமுணுப்பு. பூ வைத்தால் இளிப்பு. தாலியைக் கழற்றவும் முடியவில்லை, நெஞ்சு நிமிர்த்திப் போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. அந்தச் சொல்லை முதலில் ஊருக்குள் விட்டவர் இதோ புதுக் கோட்டில் நிற்கிறார்.

"ஓடிப்போகல. ரயில் ரோடு போட சியாமுக்கு ஆளு கேட்டான் ஜப்பான்காரன். நீதான் புடிச்சு லாரியில ஏத்துன. நாளான்னைக்கு அத்தன பேரு முன்னாடி அத நீ சொல்லணும். இல்லன்னா நான் மேடையேறிச் சொல்லுவேன்."

நீங்க போய் நீ வந்துவிட்டது. விஜயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாண்டி, ஏத்துனேன்!" மண்டோர் சீறினார். "அவங்கள ஏத்தலேன்னா எந்தலை போயிருக்கும். சியாம்ல செத்தவனுக்கு நான் என்ன பண்றது? மேடையேறு, பாப்போம். நாளைக்கே ஒனக்கு வேலையுமில்ல, வீடுமில்ல."

கமலவேணி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

வெளியே வெளிச்சம் சட்டென்று செத்தது. கடலிலிருந்து சுமத்ராக் காற்று மழையோடு ஊளையிட்டுக்கொண்டு வந்தது. ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து மூடின. கூடம் முழுக்க ஒரு நாற்றம் பரவியது. ஈரச் சுண்ணாம்பு. அதற்கடியில் வேறு ஏதோ.

"பொன்னுதுரை!"

யாரோ பெயர் கூப்பிட்டார்கள். கனத்த, வறண்ட குரல்.

"இருக்கேன்யா!"

பதில் கூடத்தின் கோடிச் சுவரிலிருந்து வந்தது. அங்கே ஒரு காலத்தில் சாமான் அறைக்கு வாசல் இருந்தது. ஈரம் இறங்குகிறது, எலி செத்து நாறுகிறது என்று ஜப்பான் காலத்திலேயே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்த இடம் மட்டும் உப்புப் பூத்து உதிரும்.

"சேதுராமன்!"

"இருக்கேன்யா!"

"கருணாகரன்!"

"இருக்கேன்யா!"

"அக்கா, வா ஓடிரலாம்," என்று கமலவேணியின் கையைப் பிடித்து இழுத்தாள் விஜயா. கமலவேணி நகரவில்லை.

"கலியாணசுந்தரம்!"

அவள் புருஷன் பெயர்.

"இருக்கேன்யா."

காய்ச்சலில் கம்மிய அதே குரல்.

மண்டோர் பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவில் முட்டிக்கொண்டார். கதவு திறக்கவில்லை. அவர் உதடுகள் வெளுத்திருந்தன.

"சேதுபதி!"

பெரட்டில் பெயர் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. மண்டோர் ஆவதற்கு முன்னால் அவரும் அதே வரிசையில் நின்று வளர்ந்தவர்தான். வேண்டாம் என்று மனசு அலறியது. உடம்பு கேட்கவில்லை. குதிகால்கள் ஒட்டின. முதுகு நிமிர்ந்தது.

"இருக்கேன்யா!"

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது மின்னல் வெட்டியது. கண் கூசி, மறுபடி தெரிந்தபோது அவர் நின்ற இடத்தில் கோட்டு மட்டும் கிடந்தது.

விஜயா அலறிக்கொண்டு ஒரு ஜன்னலைத் தள்ளித் திறந்து குதித்து ஓடினாள்.

காற்று நின்றது. மழையும் நின்றது. கோடிச் சுவரில் இப்போதுதான் பூசியதுபோல் சுண்ணாம்பு ஈரமாக வழிந்தது. அதற்குப் பின்னால் யாரோ முஷ்டியால் குத்தினார்கள்.

"தொறங்க! தொறங்க!"

மண்டோரின் குரல். மெல்ல மெல்ல அதுவும் கம்மிப்போனது.

கமலவேணி சுவரை நெருங்கினாள். பயம் எங்கோ போய்விட்டது. உடம்பெல்லாம் ஆத்திரம் எரிந்தது. ஈரச் சுவரில் கன்னத்தை வைத்தாள்.

"என்னங்க," என்றாள். "சியாம்லேருந்து எப்ப வந்தீங்க?"

காய்ச்சலில் கம்மிய அந்தக் குரல் சுவருக்குள்ளிருந்து கேட்டது.

"நான் எங்க புள்ள போனேன்? லாரி வரல, வெளிய விட்டா அரிசின்னு ஏமாத்திப் புடிச்சத ஊருக்குள்ள சொல்லிருவோம்னு, நாங்க உள்ள கத்திக்கிட்டு இருக்கையிலேயே வாசல அடைச்சுட்டான் மண்டோரு."