காட்டுக்கு வழிவிடு

இந்த ஆண்டும் காடு வடக்கே நகர்ந்திருந்தது. பூமி சூடாகச் சூடாகப் பைன் மரங்கள் துருவத்தை நோக்கி நடைபோட்டன. காடு வந்தால் மனிதன் ஒதுங்க வேண்டும் என்பது உலகச் சட்டம். வந்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வது பூந்துகள்மானி. ஏரியின் அடிச்சேற்றில் குழாயை இறக்கி, அங்கே படிந்த மகரந்தத்தை எண்ணும். பாதிக்கு மேல் பைன் என்றால் அது காடு. ஊர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துருவத்தை ஒட்டிய குளிர்ப்பட்டித் தமிழர்கள் ஏற்கெனவே இரண்டு முறை மூட்டை கட்டியவர்கள். மெஸ் நடத்தும் கோமளவல்லிக்கு மறுபடியும் கட்டத் தெம்பில்லை.

"அடுத்த வாரம் ஆபீசர் வர்றாராம். பைன் பாதியைத் தாண்டிருச்சுன்னு பேச்சு" என்றார் கணவர் அரவாழி.

"தாண்டட்டுங்க. வேற மகரந்தத்தைக் கொட்டுனா பைன் தானா குறைஞ்சிடும். சாம்பார்ல உப்பு கூடுனா தண்ணி ஊத்துறதில்லையா?"

"உன் சாம்பார்ல தண்ணியைத் தவிர வேற என்ன இருக்கு?"

ஊரின் கண்ணாடிக்கூடங்களில் முருங்கை பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. ஊரே திரண்டு மரங்களை உலுக்கி, பூவைக் கூடை கூடையாக ஏரியில் கொட்டியது.

அதிகாரி சவரிராயன் வந்தார். குழாய் இறங்கியது. பூந்துகள்மானி முனகியது. சவரிராயன் அது காட்டிய எண்ணைப் படித்தார்.

"பைன் பத்து சதவீதம்தான்."

கோமளவல்லி பூரிப்பில் கணவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இருங்கம்மா. முருங்கை எண்பது. பாதிக்கு மேல இருந்தா எந்த மரமும் காடுதான். உலகத்தோட முதல் துருவ முருங்கைக் காடு!"

"ஐயோ! அப்போ காலி பண்ணணுமா, தம்பி?"

"நல்லாச் சொன்னீங்க! நீங்க மூட்டுற சூட்டுல உயிர் வாழ்ற காடும்மா இது. நீங்க போனா செத்துரும். இனிமே ஒருத்தரும் ஊரை விட்டு நகரக் கூடாது. ஒண்ணே ஒண்ணு, காட்டு மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. பூ, காய், கீரை எதையும்."

ஊர் பிழைத்தது. அந்தக் குளிர்காலத்தில் வீடுகளின் சூடெல்லாம் சட்டப்படி கண்ணாடிக்கூடங்களுக்குப் போனது. மனிதர்கள் கம்பளிக்குள் பல் கிட்டிக்க நடுங்கினார்கள். கண்ணாடிக்கு அப்பால் காய்கள் முழ நீளத்துக்குத் தொங்க, கோமளவல்லி சாம்பாருக்கு முள்ளங்கி நறுக்கினாள்.

அரவாழி பெருமூச்சு விட்டார். "பேசாம பைனுக்கு வழிவிட்டிருந்தா, அடுத்த ஊர்ல முருங்கைக்காய் சாம்பாராவது சாப்பிட்டிருக்கலாம்!"