அன்னமேரியின் மணம்

“கட்டுரையில என் பேரும் வரணும் சார்.”

எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அன்னமேரி கேட்டுவிட்டாள். கோகுல்நாத் சார் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கூண்டுகளில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த கொசுக்கள்தான் சட்டென்று அடங்கின.

சித்திரபுரத்தில் வாடகை வீடொன்றை ஆய்வுக்கூடமாக்கியிருந்தார்கள். வெளியே நாலு மணிக்கே பனி இறங்கிவிட, உள்ளே ஹீட்டரின் வெக்கையும், புழுத் தொட்டிகளின் அழுகல் வாடையும், சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய பஞ்சின் புளிப்பும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. மூன்று வருடமாக இந்த வெக்கையில் உட்கார்ந்து, வலைக்கூண்டுக்குள் கையை விட்டுப் பெண்கொசுக்களுக்கு ரத்தம் கொடுத்தவள் அவள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தின் முதல் பட்டதாரி. கட்டுரையில் அவள் ‘மாதிரி 14’.

“உங்கம்மா கொழுந்து கிள்றாங்கல்ல? டீத்தூள் பொட்டலத்துல அவிங்க பேரா போட்டிருக்குது?”

“போட்டா என்ன தப்பு சார்?”

சார் சிரித்தார்.

அவள் நகர்ந்தாள். வலையில் ஒட்டியிருந்த அத்தனை கொசுக்களும் அவள் பக்கமாக நகர்ந்தன. நின்றாள். நின்றன. ஐம்பது தலைமுறையாக அவள் ரத்தத்தில் பெருகியவை. அவற்றின் உணர்கொம்புகளுக்குள் ஒரு புரதம் அவள் வியர்வையின் வாசனையைக் கவ்விப் பிடித்து நரம்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சார் எழுதியிருந்தார்.

“சார், இதுக இன்னிக்கு சரியில்ல.”

“பயமா இருந்தா ஊட்டுக்குப் போ. உன்ற கை இனி வேண்டாம் புள்ள.” குளிர்பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். அவள் வியர்வையிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய சாறு. “உன்ற வாசம் மொத்தமும் இதுக்குள்ள கெடக்குது.”

கை நிறைய ஊற்றித் தோள்வரை தேய்த்துக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டார்.

கூண்டின் வாயில் தைத்திருக்கும் துணிக்குழாயை முழங்கைக்கு மேல் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். தினமும் போடுவது அவள். சார் போடவில்லை. போட வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

இரைச்சல். கை கறுத்தது. துணிக்குழாய் உப்பியது. முழங்கை. தோள். கழுத்து.

“அன்னமேரி, வந்து கட்டு.”

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்கிறார்.

அவள் கதவுக்கு நடந்தாள். காதோரம் நூற்றுக்கணக்கில் பறந்தன. ஒன்றுகூட அவள்மேல் உட்காரவில்லை. அவளை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை.

வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகமில்லாமல் ஒன்று நின்றது. வாய் இருந்த இடம் மட்டும் திறந்து திறந்து மூடியது. திறக்கும்போதெல்லாம் கொசுக்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அன்னமேரி படியிறங்கினாள்.