வேப்பமரத்தில் மூன்று துளைகள்

ஞானசெல்வி வாசலில் செருப்பை உதறிய வேகத்திலேயே, இது உறைமோர் கேட்டு வந்த வரவு அல்ல என்று சண்முகசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எங்க வேப்பமரத்த யாரோ கொல்லப் பாக்காங்க."

அண்ணாச்சி என்பது சுந்தரியின் கணவர் இசக்கித்துரை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கிற சர்வேயர். மாடு முட்டியதாகச் சொல்லப்படும் நெளிவை விரலால் தடவிவிட்டு, "மாடு இல்ல, மைல்கல்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார். அதே தெருக்காரி ஞானசெல்வியும் தன் கொல்லைக்கு வருகிற பறவைகளைப் படமெடுத்து அனுப்பி, அவரிடம் பெயர் கேட்பாள். அந்தப் படங்கள் அத்தனையையும் சுந்தரி அவருக்குத் தெரியாமல் திறந்து பார்த்திருக்கிறாள். பறவைகள் மட்டும்தான் இருந்தன.

"வெள்ளிக்கிழமை காலையில வாஷிங் மெஷின ஓடவிட்டுட்டுக் கோமதியம்மன் கோயிலுக்குப் போனேன். வந்து பார்த்தா துணி பாதியில நுரையோட நிக்கி. கரண்டு போயிட்டுன்னாரு எங்க வீட்டுக்காரரு. கையால அலசிக் காயப்போடக் கொல்லைக்குப் போனா, அடிமரத்துல மூணு துளை!"

"யாரு மேலட்டி சந்தேகம்?" என்று கேட்டது சுந்தரி.

"பக்கத்து வீட்டு அர்ஷத்துதான் மைனி. ஏசி மாட்டுத பயலுல்லா, ட்ரில் மெஷின் வச்சிருக்கான். மைனா எச்சம் பைக்குல விழுதுன்னு மரத்த முறைச்சுக்கிட்டே திரிஞ்சான். துபாய் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கான். இன்னைக்கு விசாரிக்கப் போலீஸ்காரரு வாராரு. எங்கிட்டயும் கேப்பாருல்லா? எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன்."

இசக்கித்துரை சட்டையை மாட்டினார். "ஒரு வார்த்தையில அந்தப் பையன் பொழப்பு போயிரும் தாயி. மொதல்ல துளையப் பாப்போம்."

கொல்லையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. துவைகல்லில் உட்கார்ந்திருந்த ஞானசெல்வியின் கணவர் மகாராஜன், இவர்களைப் பார்த்ததும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். போன வாரம் இசக்கித்துரையைத் தெருவில் நிறுத்தி, "பறவை எச்சத்துல கார் பெயிண்ட் போனா இன்சூரன்ஸ் உண்டா?" என்று கேட்டவர் இவர். கார் இல்லாத மனிதருக்கு இதென்ன கவலை என்று சுந்தரி அன்றே நினைத்தாள். குழம்பு கொதித்ததில் மறந்துபோனாள்.

"மரங்கொத்தி வேலை அண்ணாச்சி இது," என்றார் மகாராஜன். "எங்கண்ணால பார்த்தேன். இவ அநியாயமா அந்தப் பையன வறுக்கா."

"எப்படி இருந்துச்சு?"

"முதுகு பொன்னாட்டம். தலையில செவப்புக் கொண்டை."

"பொன்முதுகு மரங்கொத்திதான்," என்றார் இசக்கித்துரை. சுந்தரிக்கு ஏமாற்றம். ஒரு பறவையை வைத்துக்கொண்டு தெருவில் எத்தனை நாள் பேச முடியும்?

அந்த நேரம் பார்த்துப் பறவையே கிறீச்சிட்டுக்கொண்டு வந்து உச்சியில் பட்டுப்போன கிளையில் ஒட்டிக்கொண்டது. கொத்தக் கொத்தச் செதில்கள் கீழே உதிர்ந்தன. மகாராஜன் சாட்சி கிடைத்தவர்போல நிமிர்ந்தார்.

இசக்கித்துரை குனிந்து ஒரு துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டார். குச்சி கீழ்நோக்கிச் சரிவாக இறங்கியது.

"அது பட்ட கொம்பத்தான் கொத்துது பாருங்க. இங்க பச்ச மரம், அதுவும் பூனைக்கு எட்டுத உயரம். துளையும் கீழ்ச்சரிவு. மழை பெஞ்சா தண்ணி உள்ளதான் தேங்கும். தன் குஞ்ச முக்கிக் கொல்ல எந்தப் பறவையும் வீடு கட்டாது. ஊத்துனது வெளிய வழியக் கூடாதுன்னு மனுசன் போட்ட துளை இது." குச்சியை இழுத்து மனைவியின் மூக்கருகே நீட்டினார்.

"பெருங்காயம்!" என்றாள் சுந்தரி. அதை வைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்பது ஊர் நம்பிக்கை.

"மரங்கொத்தி சாம்பாருக்குத் தாளிக்காது," என்றார் இசக்கித்துரை.

"அப்ப அர்ஷத்துதான்!" பெண்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இசக்கித்துரை மதிலைப் பார்த்தார். ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்த மதில். துளைகள் வீட்டைப் பார்த்த பக்கம். கொல்லையில் இருப்பது ஒரே பிளக், அதுவும் வாஷிங் மெஷினுக்கு. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அர்ஷத்தின் தகப்பனார் அப்துல் ஜப்பாரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"பாய், வெள்ளிக்கிழமை காலையில கரண்டு போச்சா?"

"இல்லையே அண்ணாச்சி, நம்ம வீட்ல கிரைண்டர் ஓடுச்சே." ஜப்பார் மகாராஜனைப் பார்த்துச் சிரித்தார். "சாமி படம் மாட்டியாச்சா தம்பி? ட்ரில்லுக்கு அவசரமில்ல, மெதுவாத் தாங்க."

அவர் துணிக்குவியலோடு உள்ளே போய்விட்டார். சுந்தரி மகாராஜனையே பார்த்தாள்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே போஸ்டுல இருந்துதான் கரண்டு," என்றார் இசக்கித்துரை. "மெஷின் பிளக்கப் புடுங்கிட்டு ட்ரில்ல மாட்டுனது யாரு? செல்வி கோயிலுக்குப் போனப்ப வீட்ல இருந்தது ஒரே ஆளு. என்ன கார் தம்பி புக் பண்ணியிருக்கீரு?"

மகாராஜன் துவைகல்லிலேயே சுருங்கிப்போனார். "வெள்ளைக் கலரு அண்ணாச்சி... நிறுத்த இந்த எடம்தான் இருக்கு. வெட்டணும்னு சொன்னா இவ என்னைய வெட்டுவா. தானாப் பட்டுப்போனா..." குரல் இறங்கியது. "அந்தப் பையன் தலையில விடியும்னு நெனைக்கல. அதான் மரங்கொத்தின்னு..."

"நீரு வாயத் தொறக்க வேண்டிய எடத்துல பறவைய அனுப்பி வச்சீராக்கும்," என்றார் இசக்கித்துரை.

ஞானசெல்வி மூன்று துளைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது என்று சுந்தரி பின்னால் நாலு வீட்டில் சொன்னாள்.

வாசலில் பைக் நின்ற சத்தம். கையில் ஃபைலோடு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "முகம்மது அர்ஷத், பக்கத்து வீடுதானம்மா? ஆளு எப்படி? ஏதாவது வம்புதும்பு உண்டா?"

ஞானசெல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே போனாள்.

"தங்கமான பையன் சார். எங்க வேணும்னாலும் எங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போடுவாரு." திரும்பிக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "அவரப் பத்தி மட்டும் எங்கிட்ட விசாரிச்சிராதீங்க."